பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே ஷாக் அப்சார்பர் மாற்றலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 2003-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. முன் வலது சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கறை தெரிகிறது. பின் சீட்டில் உட்காரும் அம்மா, ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு நாள் இடுப்பு வலி என்கிறார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆனால் சஸ்பென்ஷனில் கை வைத்ததில்லை. நான்கு ஷாக் அப்சார்பரையும் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்பக்கத்து இரண்டையும் முழுக்க முழுக்க நீங்களே மாற்றலாம். முன்பக்கத்து இரண்டையும் நீங்களே கழற்றலாம், நீங்களே திரும்ப மாட்டலாம். ஆனால் நடுவில் வரும் ஒரு வேலையை மட்டும், அதாவது முன்பக்க ஸ்பிரிங்கைப் பிரித்து மறுபடி சேர்ப்பதை மட்டும், தகுந்த கருவி உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன். மற்றதை அவசரத்தில் படித்தாலும் அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பெயர்தான் பலரைக் குழப்புகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்பிரிங். வண்டியின் எடையைச் சுமப்பதும் அதுதான். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும். எழும்பியதோடு நிற்காமல் மறுபடி அமுங்கும். விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது அசைவின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. மேடுபள்ளமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வந்து நிறுத்தியவுடன், நான்கு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நல்லது இளஞ்சூடாக இருக்கும். மற்ற மூன்றும் சூடேறியிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால், அது வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே பிரேக் டிரம்மும் கொதித்துக்கொண்டிருக்கும், கவனம்.

ஷாக் ஒரே நாளில் சாவதில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஓட்டுகிறவரின் கையும் அதற்கேற்பப் பழகிவிடும். அதனால்தான் சொந்தக்காரருக்குத் தெரியாத குறை, முதல்முறை வண்டியில் ஏறும் விருந்தாளிக்குத் தெரிகிறது. இதைச் சொகுசுக் குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள். தளர்ந்த ஷாக் சக்கரத்தைத் தரையோடு பிடித்துவைக்காது. மழையில், சற்று உடைந்த சாலையில் பிரேக் போடும்போது டயர் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பும். எழும்பும் அந்த நொடியில் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான்.

சாமான் வாங்கப் போகுமுன் நோயைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கறை எனக்கு ஓர் ஐயத்தைத் தருகிறது. முன் சக்கரத்தின் உட்புறம் மூன்று விதமான கறை வரலாம். ஷாக்கிலிருந்து கசிந்தது என்றால் மெல்லிய எண்ணெய், குழாயின் மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, ஈர மண் பூசியதுபோல் இருக்கும். எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் வருவது கெட்டியான கறுப்பு கிரீஸ். சக்கரம் சுழலும் வேகத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும். மூன்றாவது பிரேக் ஆயில். அப்படியானால் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கும். அதுதான் என்றால் ஷாக்கை மறந்துவிட்டு, வண்டியை அசைக்காமல் முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். பிரேக் ஆயில் அல்ல என்று உறுதியானால், துணியால் துடைத்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். மேல் முனையில் லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பானது. சொட்டி வழிந்திருந்தால் எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் சீல் போய்விட்டது.

வண்டியின் ஒவ்வொரு மூலையையும் உடல் எடை முழுவதும் போட்டு அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் பரவாயில்லை. இரண்டாவது முறை ஊசலாடினால் ஷாக் தளர்ந்துவிட்டது. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருப்பது கைக்குத் தெரிந்தால், அதுவும் ஷாக் தளர்ந்ததன் அடையாளம்தான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் மட்டும் வந்து, வண்டி ஆடாமல் இருந்தால் குற்றவாளி வேறு: சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் என்னும் உருண்டை மூட்டு, அல்லது முன்பக்கத்து ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுன்ட். ஷாக்கை மாற்றியும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறியவர்கள்.

அம்மாவின் இடுப்பு வலிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பின் டயர்களின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் வண்டிகளில் டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப் போய்விடுகிறது. கட்டைபோல் இறுகிய டயரை வைத்துக்கொண்டு எந்த ஷாக்கைப் போட்டாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

சாமான்களை எப்போதும் ஜோடியாகவே வாங்குங்கள். வலது பக்கம் மட்டும்தான் கசிகிறது என்றாலும் இடதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரே அச்சில் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்ச்சி என்று வண்டி திருப்பத்தில் ஒரு மாதிரியாக நடந்துகொள்ளும். முன்பக்கத்துக்கு ஸ்ட்ரட்டோடு மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டை, புழுதி உறை ஆகியவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். 20 ஆண்டு வெயிலில் காய்ந்த ரப்பரைப் புது ஸ்ட்ரட்டின் தலையில் வைப்பதற்காக மறுபடி ஒருமுறை இந்த வேலை முழுவதையும் செய்ய நேரக் கூடாது. நிறுவனத்தின் சொந்தச் சாமான் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் போன்ற தெரிந்த பெயராகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப்பேட்டைப் பக்கம் பழைய ஷாக்கைப் பிரித்து, எண்ணெய் மாற்றி, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். தேய்ந்த வால்வும் கீறல் விழுந்த தண்டும் பெயின்ட்டால் சரியாகிவிடாது. வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளின் மேலும் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. இந்த ஐந்து நிமிட வேலை மறுநாள் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வண்டியைத் தூக்கும் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். சிமென்ட் தரை வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரண்டு ஸ்டாண்டுகள் தனியாக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடவே கூடாது. அவை வளையாமல், சத்தம் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்குபவை. ஸ்டாண்டு வைத்த பிறகும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினால்கூட அந்தச் சக்கரத்தின் கனம் உங்கள் உயிருக்கு இடம் கொடுக்கும். சக்கர நட்டுகளை, வண்டியைத் தூக்குவதற்கு முன்னாலேயே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் வண்டியில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால்தான் இது தைரியமாகச் செய்யக்கூடிய வேலை. ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது பின் அச்சு அளவுக்கு மீறிக் கீழே போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஷாக்தான். அதன் கீழ் போல்ட்டைச் சட்டென்று உருவினால் அச்சு சரியும், ஸ்பிரிங் இடம் பெயரும், பிரேக் ஹோஸ் இழுபடும். எனவே வண்டியின் உடல் ஸ்டாண்டில் நிற்க, ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொண்டுவந்து, ஷாக் சற்றே அமுங்கும் வரை உயர்த்தி நிறுத்துங்கள். பிறகு கீழ் போல்ட், அதற்குப் பின் மேல் நட்டு. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். வாஷர், ரப்பர் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மறந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டிவிடாதீர்கள். கடையில் படுக்கவைத்தே வைத்திருப்பார்கள். உள்ளே எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடம் மாறியிருக்கும். வண்டியில் நிற்பதுபோலவே செங்குத்தாகப் பிடித்து, தண்டை முழுவதும் அழுத்தி, முழுவதும் நீட்டி, ஐந்தாறு முறை செய்யுங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கென்று போவது கைக்குத் தெரியும். அதுதான் காற்று. பிறகு மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக, தேனுக்குள் கரண்டியை இறக்குவதுபோல் போகும். அந்தச் சீர் வந்த பிறகு மாட்டுங்கள். பளபளக்கும் அந்தத் தண்டைப் பிளையராலோ குறடாலோ பிடிக்கவே கூடாது. தலைமுடி அகலக் கீறல் போதும், ஒவ்வொரு அசைவிலும் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கீழ் போல்ட் துளைக்கு நேராக வரவில்லையா? அச்சுக்கு அடியில் இருக்கும் ஜாக்கியை ஓர் அங்குலம் ஏற்றி இறக்கினால் தானாக வந்து சேரும், சுத்தியலுக்கு வேலையில்லை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதும் இறுக்காதீர்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். மாற்றியும் ஆறே மாதத்தில் சத்தம் வருகிறது என்று வந்த வண்டிகள் பலவற்றில் நான் கண்ட காரணம் இதுதான்.

முன்பக்கம் வேறு மாதிரி. இங்கே ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கின்றன. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர்; ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது, இன்றும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் அதுவே இருக்கிறது. இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஷாக்கை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரித்தே ஆக வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டில் கிளிப் போட்டிருக்கும் பிரேக் ஹோஸை விடுவியுங்கள். கீழே ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் இரும்புப் பாகத்தையும் இணைக்கும் இரண்டு போல்ட்கள் இருக்கும். கழற்றுமுன் நட்டுகளைச் சுற்றியும், ஸ்ட்ரட்டின் விளிம்பு நக்கிளில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் சாய்வு ஏறத்தாழப் பழைய நிலைக்கே வரும். போல்ட் வெளியே வர மறுத்தால் நட்டை முழுவதும் எடுத்துவிட்டு வெறும் மரையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட்டின் முகம் போல்ட்டின் முனையோடு சமமாக நிற்கும்படி வைத்து, அதன்மேல் கட்டையை வைத்துத் தட்டுங்கள். அடி நட்டில் விழும், மரை பிழைக்கும்.

போல்ட்கள் வந்துவிட்டால் நக்கிள் வெளிப்பக்கம் சரியும். அதை அப்படியே விட்டால் பிரேக் ஹோஸும் டிரைவ் ஷாஃப்டும் அந்தக் கனத்தைச் சுமக்கும். ஒரு கட்டுக்கம்பியால் நக்கிளை உடலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு, பானெட்டுக்குள் தெரியும் மேல் மவுன்ட்டின் நட்டுகளைக் கழற்றுங்கள். சுற்றிலும் உள்ள சிறிய நட்டுகளை மட்டும். நடுவில் பெரிதாக ஒன்று தெரியும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

அந்த நடு நட்டுதான் ஸ்பிரிங்கைக் கட்டிவைத்திருக்கிறது. வண்டியைத் தூக்கிவிட்டோம், சக்கரம் தொங்குகிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தோன்றும். இல்லை. ஸ்ட்ரட்டுக்குள் அது எந்நேரமும் அமுங்கியே இருக்கிறது. ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள வண்டி உங்களுடையது. எஞ்சின் முன்னால் இருப்பதால் ஒவ்வொரு முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் 200 கிலோவை ஒட்டிய சுமையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு மாலை, கருவி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒருவர் ஸ்பிரிங்கின் சுருள்களைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டு அந்த நட்டைத் திருகினார். கடைசி இரண்டு மரை இருக்கும்போது கம்பி அறுந்தது. மேல் தட்டு அவருடைய தோளில் இடித்துவிட்டு, தகரக் கூரையில் போய் மோதி, சுவரோரம் வந்து விழுந்தது. தோளருகே உள்ள காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் கையைத் தூக்க முடியாமல் இருந்தார். தலையை நேராக மேலே வைத்துக் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க, கடையில் இரண்டு கொக்கித் திருகுகளாகக் கிடைக்கும் மலிவான ஸ்பிரிங் கம்பிரஸர்களும் இருக்கின்றன. பழகிய கைகள் அவற்றால் செய்கின்றன. முதல்முறை செய்கிற உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் அதிகமாகத் திருகிவிட்டால் ஸ்பிரிங் வில்லாக வளையும்; வளைந்தால் கொக்கி வழுக்கும். கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதுச் சாமான்களோடு ஒரு பையில் போட்டு, சுவரிலோ மேசையிலோ பொருத்திய ஸ்பிரிங் கம்பிரஸர் உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வண்டி வீட்டில் ஸ்டாண்டில் நிற்கட்டும். நான்கு சக்கரமும் கழற்றிய வண்டிக்குக் கூலி கேட்பதற்கும், மேசைமேல் வைத்த இரண்டு ஸ்ட்ரட்டுக்குக் கூலி கேட்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பட்டறையில் பக்கத்திலேயே நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் முட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடு நட்டு புதிதாக இருக்க வேண்டும். அதை இறுக்கும்போது, நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் தண்டைச் சுழலவிடாமல், தண்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் இறுக்க வேண்டும். தண்டு சுழன்றால் புது சீல் அங்கேயே காயப்படும்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். மேல் நட்டுகளைக் கையால் நான்கு மரை ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே பெயின்ட் கோட்டுக்குக் கோடு சேர்த்துப் போல்ட்களைப் போடுங்கள். இறுக்கத்துக்கு, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை வாடகைக்காவது எடுத்து, சர்வீஸ் மேனுவலில் உங்கள் வண்டிக்குச் சொல்லியிருக்கும் அளவை வையுங்கள். பிரேக் ஹோஸின் கிளிப்பை மறக்காமல் போட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, முறுக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். தரைக்கு இறக்கியதும், கிளம்புமுன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள்.

ஒரே நாளில் நான்கையும் முடிக்க நினைக்காதீர்கள். இந்த ஞாயிறு பின்பக்கம், அடுத்த ஞாயிறு முன்பக்கம். பின்பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பக்கத்துக்குப் பட்டறைக்குப் போய்வருவதையும் சேர்த்து ஒரு முழுப் பகல். இடைப்பட்ட வாரத்தில் மெதுவாக ஓட்டுங்கள், நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். முன்பக்கம் முடிந்த அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்ட் கட்டாயம். பெயின்ட் கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது அலைன்மென்ட்டுக்கு ஈடாகாது. விட்டுவிட்டால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்துபோகும்.

முதல் சில நாள் வண்டி விறைப்பாக இருப்பதுபோல் தோன்றும். தளர்ந்ததற்குப் பழகிய உடம்பு அப்படித்தான் சொல்லும். 200 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளிலும் ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய ஷாக்கைத் தரையில் நிறுத்தி, தண்டை ஒரு விரலால் அழுத்திப் பார்க்கலாம். 20 ஆண்டு உழைத்ததென்றால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய், போன இடத்திலேயே கிடக்கும். உங்கள் அம்மா இவ்வளவு நாள் எதன்மேல் உட்கார்ந்து வந்தார் என்பது அப்போது புரியும். ஒன்றிரண்டில் கேஸ் அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கலாம். அவற்றை அறுக்கவோ துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது. பழைய இரும்புக் கடையில் போடும்போது கடைக்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.